இரண்டாகப் பிரிந்து நிற்கும் குழு: தலைவர் எங்கே கைவைக்க வேண்டும்?

கேள்வி: பதினாறு பேர் கொண்ட குழுவுக்கு அண்மையில் தலைவராகப் பொறுப்பேற்றேன். 23 வயதுக்காரரும் இருக்கிறார், 58 வயதுக்காரரும் இருக்கிறார். மூன்று தாய்மொழிகள். பெண்கள் ஐந்து பேர். ஒருவருக்குச் செவித்திறன் குறைவு. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனாலும் குழு இரண்டாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டங்களில் நான்கைந்து பேர்தான் வாய் திறக்கிறார்கள். நான் யாரிடமும் பாரபட்சம் காட்டியதில்லை, எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். பன்முகத்தன்மை குறித்து எல்லோருக்கும் கட்டாயமாக ஒரு நாள் பயிலரங்கம் நடத்தும்படி நிர்வாகம் சொல்கிறது. அதனால் பலன் உண்டா?

பதில்: பயிலரங்கத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ‘இரண்டாகப் பிரிந்து’ என்பதுதான். மூன்று மொழிகளும் முப்பத்தைந்து வயது இடைவெளியும் இருக்கும் குழு ஐந்தாறாகச் சிதறாமல் ஏன் சரியாக இரண்டாகப் பிரிகிறது?

டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு குழுவில் எத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன என்பதைவிட, அவை எல்லாம் ஒரே கோட்டில் வந்து விழுகின்றனவா என்பதே முக்கியம் என்றார்கள். நால்வரை எண்ணிப் பாருங்கள். மூத்த ஆண்கள் இருவர். இருவரும் ஒரே மொழி பேசுகிறார்கள், இருவரும் பொறியாளர்கள். இளம்பெண்கள் இருவர், வேறொரு மொழி பேசுகிறார்கள், இருவருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பணி. இந்த நால்வருக்கு நடுவே யாரும் வெட்டாமலே ஒரு பிளவு இருக்கிறது. அந்த மூத்தவர்களில் ஒருவர் வாடிக்கையாளர் சேவையிலும், அந்தப் பெண்களில் ஒருவர் பொறியியலிலும் இருந்திருந்தால்? வேறுபாடுகளின் எண்ணிக்கை அதேதான். ஆனால் கோடு உடைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டாளி கிடைத்துவிடுகிறார்.

எனவே முதலில் ஒரு தாளை எடுத்துப் பதினாறு பேரின் பெயரையும் எழுதுங்கள். வயது, மொழி, சேர்ந்த ஆண்டு, செய்யும் வேலை, வேலை நேரம், உட்காரும் இடம் என ஒவ்வொருவருக்கும் எதிரே குறியுங்கள். பெரும்பாலான குறிப்புகள் பதினாறு பேரையும் அதே இரு பக்கங்களாகவே பிரிப்பதைக் காண்பீர்கள். வயதையும் மொழியையும் நீங்கள் மாற்ற முடியாது. வேலைப் பங்கீடு, வேலை நேரம், இருக்கை ஆகிய மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. அடுத்த பணியில் ஆட்களை இணைக்கும்போது அந்தக் கோட்டின் குறுக்கே இணையுங்கள். ‘ஒன்றாகப் பழகுங்கள்’ என்ற அறிவுரை வேண்டாம். ஒருவரில்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலையைக் கொடுங்கள். பழக்கம் தானாக வரும். வராவிட்டாலும் வேலையாவது நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. தாளில் வயதைக் குறிக்கச் சொன்னது கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்க மட்டுமே. ‘இந்தத் தலைமுறை இப்படித்தான்’, ‘மூத்தவர்கள் புதியதை ஏற்க மாட்டார்கள்’ என்று பேசும் கட்டுரைகளை நம்பி ஆளை எடைபோடாதீர்கள். என்னைக் கேட்டால் அவை ஜாதகப் பலனுக்கு ஒரு படி கீழே.

அடுத்து, கூட்டம். மௌனமாக இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள் இல்லை. உளவியலாளர்கள் ஸ்டாசரும் டைட்டஸும் 1985-இல் நடத்திய ஆய்வில், குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுவதும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேசைக்கே வராமல் போவதும் தெரியவந்தது. பலதரப்பட்ட குழுவின் பலனே அந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்ததில்தான் இருக்கிறது. அது வெளியே வராவிட்டால் சிரமம் மட்டுமே மிஞ்சும்.

உங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நீங்கள் பிரச்சினையைச் சொல்கிறீர்கள், கூடவே உங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறீர்கள். மூத்தவர் ஒருவர் ஆமோதிக்கிறார். இரண்டாவது மொழியில் யோசிப்பவர் மனத்துக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. செவித்திறன் குறைந்தவர், இருவர் ஒரே நேரத்தில் பேசிய இடத்திலேயே இழையைத் தவறவிட்டிருப்பார்.

மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. கேள்வியை முந்தைய நாளே எழுத்தில் அனுப்புங்கள். கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் கருத்தை எழுதட்டும். இளையவரிலிருந்து தொடங்கிப் படிக்கட்டும், உங்கள் முறை கடைசியில் வரட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இணையவழிக் கூட்டமென்றால் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதியை இயக்கி வையுங்கள். செவித்திறன் குறைந்தவருக்கு வேறு என்ன உதவும் என்பதை அவரிடமே தனியாகக் கேளுங்கள், நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். அவருக்காகச் செய்யும் ஏற்பாட்டில் பாதி, மொழி தடுமாறுகிறவர்களுக்கும் பயன்படுவதைப் பார்ப்பீர்கள்.

‘எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்’ என்றீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது. வேலை முடியும் நேரத்தில் கூட்டம் வைத்தால் அழைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். குழந்தையை அழைத்துவர ஓட வேண்டியவருக்கு அது வேறு கூட்டம். தரத்தில் யாருக்கும் சலுகை வேண்டாம். அந்தத் தரத்தை எட்டும் வழியில் மட்டும் இடம் கொடுங்கள். எங்கே கோடு போடுவது என்று குழப்பம் வந்தால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 111) தரும் அளவுகோல் உதவும். ஒரு வேலையின் இயல்பே கோருகிற தகுதியைக் கேட்பது பாகுபாடு ஆகாது என்கிறது அது. ஆகவே ஒவ்வொரு விதியிடமும் கேளுங்கள்: இதை இந்த வேலை கேட்கிறதா, அல்லது நம் பழக்கம் கேட்கிறதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டக் குறிப்பு எடுப்பது, புதியவருக்குக் கணினியில் கோப்புகளைக் காட்டிக் கொடுப்பது, பிரிவுபசார விழாவுக்கு ஏற்பாடு செய்வது போன்றவற்றை யார் செய்கிறார்கள்? வேலை நடக்க இவை தேவை. ஆனால் பதவி உயர்வின்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொருளியலாளர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே இத்தகைய வேலைகளுக்கு அதிகம் முன்வந்தார்கள். கேட்கப்பட்டதும் அவர்களே அதிகம். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்களும் தயங்காமல் முன்வந்தார்கள்! ‘யார் செய்கிறீர்கள்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு முறைவைத்துவிடுங்கள். பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

கேலி, சாடை, தொடுகை பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதைக் ‘கருத்து வேறுபாடு’ என்று சமரசம் செய்துவைக்காதீர்கள். துன்புறுத்தல் துன்புறுத்தல்தான், அதற்கான புகார் நடைமுறைக்கே அது போக வேண்டும்.

இனி பயிலரங்கம். சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கேலவும் 800-க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். மேலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு மேலாளர் பதவிகளில் சில சிறுபான்மைப் பிரிவினரின் பங்கு கூடுவதற்குப் பதில் குறைந்திருந்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வந்த பயிற்சிகள் நல்ல பலன் தந்தன. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது போல் உணர்பவர் மனம் மாறுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. எனவே கட்டாயம் வேண்டாம், விரும்புகிறவர்கள் வரட்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். தலைப்பையும் சுருக்குங்கள்: ‘நம் கூட்டங்களை எப்படி நடத்துவது’ என்பது போதும்.

பலனை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், ஆனால் எதைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. தவறுகள் பற்றிய தகவலும் மாற்றுக் கருத்தும் முதலில் கூடக்கூடும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களிலேயே மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பயமின்றிச் சொல்ல முடிந்ததே அதற்குக் காரணம் என்று அவர் கண்டார். உங்கள் குழுவிலும் எண்ணிக்கை ஏறலாம் என்பதை நிர்வாகத்துக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.