வாசல் தெளிக்காத காலை

வணக்கம் ஐயா,

என் அம்மாவுக்கு 77 வயது. அப்பா போன பிறகு அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூருவில், தங்கை சென்னையில். போன மாதம் ஒரு ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். காலையில் பால்காரர் குரல் கொடுத்துப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்த்துவிடலாம் என்கிறாள் தங்கை. அம்மாவோ, “செத்தாலும் இந்த வீட்லதான்” என்கிறார். வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க வெளிநாடுகளில் அக்கம்பக்கத்தாரே ஏதேதோ செய்கிறார்களாமே, நம் பக்கம் அதெல்லாம் நடக்குமா? அம்மாவை அங்கேயே விட்டுவைப்பது பொறுப்பில்லாத்தனமா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பொறுப்பில்லாத்தனம் இல்லை. அந்த வீட்டில் இருட்டிலும் சுவிட்ச் எங்கே என்று அம்மாவின் கைக்குத் தெரியும். இந்த வயதில் புது இடத்துக்குப் போனால் ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போகிற வழியைக்கூடப் புதிதாகப் பழக வேண்டும். அவர் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

விழுந்ததைவிட எனக்குக் கவலை தருவது, விழுந்தது யாருக்கும் தெரியாமல் போன அத்தனை மணி நேரம். நெடுநேரம் தரையில் கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், தசை சிதையும், சிறுநீரகம் வரை பாதிக்கும். அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தவர் அந்தப் பால்காரர்.

வெளிநாட்டில் நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக பாஸ்டன் நகரத்தின் பீக்கன் ஹில் பகுதியாக இருக்கும். அங்கே அக்கம்பக்கத்து முதியவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்துக்கொண்டார்கள். ஆண்டுச் சந்தா கட்டினால், மருத்துவரிடம் கூட்டிப்போவதற்கும் குழாய் ரிப்பேருக்கும் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமக்கு நெருக்கமான பாடம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே இருக்கிறது.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானோர் ஒரு வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். முக்கியமாகப் புற்றுநோயாளிகளுக்காக. மருந்து கொடுக்க முடிந்தது. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டவர் மருத்துவமனைக்கு எப்படி வந்துபோவார்? அங்கேதான் ஊர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2000ஐ ஒட்டி மலப்புரம் மாவட்டத்தில் அது ஊர் ஊராகப் பரவியது. சாதாரண ஜனங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். பணமும் பெரும்பாலும் உள்ளூரில் சேர்ந்த சில்லறைதான். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இப்போது பஞ்சாயத்துகள் வழியாகவே செவிலியர் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் வந்தவர்கள், மூப்பால் படுத்துவிட்டவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் மலப்புரத்தில் ஒருநாள் அவர்களுடைய ஜீப்பில் நானும் போனேன். ஒரு வீட்டில் செவிலியர் பெரியவரின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கூட வந்த தன்னார்வலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார். ஏன் என்று கேட்டேன். “சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரைன்னு சொல்றோம். சாப்பாடு இருக்கான்னு பார்க்க வேண்டாமா?” என்றார். கிளம்பும்போது மருமகளிடம், “ராத்திரி நீ தூங்குறியாம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டார். மாமனாரைப் பற்றி ஆயிரம் பேர் விசாரித்திருப்பார்கள். மருமகளைப் பற்றி ஒருவர் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. அம்மா பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது. மாத்திரை கொண்டுவருகிற ஆள் நம்மிடம் வந்துவிட்டார். அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கிற ஆளைத்தான் தெருவில் தேட வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போனால் நாலு நாள் தங்குங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, போகிற வழியில் ராத்திரி விளக்கு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். இதெல்லாம் ஒரு நாள் வேலை. மீதி மூன்று நாளும் தெருவுக்கு. எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுங்கள். ஏழு மணிக்குள் அம்மா வாசல் தெளிக்கவில்லை என்றால் வந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே தெருவில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற இன்னும் நாலு வீடு நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் எண்களையும் வாங்குங்கள். அவர்களும் உங்களை மாதிரியே தூங்காமல்தான் இருப்பார்கள்.

அப்புறம், அம்மாவை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். தினமும் காலையில் இன்னொரு வீட்டுப் பாட்டிக்குப் போன் செய்து, எழுந்தாயிற்றா என்று கேட்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்.

நாளைக்கே நினைவு தப்பினாலோ, படுக்கையில் விழுந்தாலோ எதிர்வீட்டுச் சாவி மட்டும் போதாது. முழுநேர ஆள் வேண்டும். அப்போது தங்கையோடு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். இப்போதைக்கு அம்மா அங்கேயே இருக்கட்டும்.

சரி, அந்தப் பால்காரரின் எண் உங்கள் போனில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று ராத்திரி அம்மாவிடம் பேசும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.