ரத்தம் பார்த்தால் தலைசுற்றுதே, நர்ஸ் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் பயாலஜி குரூப் படிக்கிறேன். நர்ஸாக ஆசை. ஆனால் ரத்தம் பார்த்தாலே தலைசுற்றுகிறது. அப்பாவும் ‘நைட் டியூட்டி வேலை வேண்டாம்’ என்கிறார்.
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: முதல் தடவை தையல் பிரிப்பதைப் பார்த்தபோது நானும் ட்ரேயோடு சுவரில் சாய்ந்தவள்தானம்மா. மூன்றாம் மாதம், புண்ணுக்குக் கட்டுப்போட்டு, கை கழுவி, நேரே இட்லி சாப்பிடப் போனேன். ரத்தம் பழகிவிடும். ஷிஃப்ட் முழுக்க நின்ற கால்வலியும், மாத்திரையைத் துப்பும் தாத்தாக்களும்தான் பழக நாளாகும்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண் முக்கியம்; கெமிஸ்ட்ரியைக் கோட்டை விடாதே. டிப்ளமோ 3 ஆண்டு. எதில் சேர்ந்தாலும், இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு. ‘ஆறே மாதத்தில் நர்ஸ்’ என்ற போர்டைக் கண்டால் நடையைக் கட்டு. அந்தச் சான்றிதழோடு கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலையும் கிடையாது.

அப்புறம் அப்பா. நைட் டியூட்டி உண்டு, அதை மறைக்காதே. தெரிந்த நர்ஸ் யார் வீட்டுக்காவது அவரை அழைத்துப் போ. என் அப்பா மனசு மாறியது, எதிர்வீட்டு நர்ஸக்கா போட்டுக் கொடுத்த ஒரு டம்ளர் காபியில்.