லூவரில் அரை நாள்: எந்த ஓவியங்களின் முன் நிற்பது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். லூவர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். வரலாறு படிக்கும் மகளுக்குப் பிரெஞ்சு அரசியல் மாற்றங்களை ஓவியங்கள் வழியே காட்ட ஆசை. எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: அரை நாள் தாராளம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நுழைவுச்சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் டெனோன் பகுதியின் முதல் மாடிக்குப் போங்கள். மோனா லிசா இருக்கும் கூடத்தை ஒட்டியே, பெரிய பிரெஞ்சு ஓவியங்கள் தொங்கும் சிவப்புச் சுவர்க் கூடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் முன்னும் மகளிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இதற்குப் பணம் கொடுத்தது யார்? பிறகு இது எங்கே போயிற்று?

முதலில் ஓவியர் டேவிட். பழைய ரோமக் கதையின் மூன்று சகோதரர்கள் வாளை நோக்கிக் கை நீட்டும் ‘ஹொராட்டியர் சபதம்’ 1785-இல் காட்சிக்கு வந்தது. வரையச் சொன்னது மன்னர் பதினாறாம் லூயியின் நிர்வாகம். எட்டே ஆண்டுகளில் அந்த மன்னரின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் டேவிட்டும் ஒருவர். பிறகு அவரே நெப்போலியனின் முடிசூட்டு விழாவையும் பத்து மீட்டர் அகலத்தில் வரைந்தார். அதன் நடுவில் மேலே அமர்ந்திருக்கும் பேரரசரின் தாயார் விழாவுக்கே வரவில்லை. அதை மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாரா பற்றிய டேவிட்டின் ‘மாராவின் மரணம்’ மூல ஓவியம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. மன்னராட்சி திரும்பியபின் அவர் நாடுகடந்து வாழ்ந்து இறந்த ஊரும் அதுதான்.

நேரத்தில் பெரும்பங்கை ஜெரிக்கோவின் ‘மெதுசாவின் தெப்பம்’ ஓவியத்துக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கூடங்களிலேயே துணிச்சலான படம் அதுதான். 1816-இல் மெதுசா என்ற போர்க்கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே தரைதட்டியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கப்பல் செலுத்தாத ஒருவரை, மன்னர் தரப்பு விசுவாசி என்பதற்காகவே தலைவராக்கியிருந்தார்கள். தெப்பத்தில் கைவிடப்பட்ட சுமார் 150 பேரில், 13 நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் 15 பேர். இந்தப் படத்தை ஜெரிக்கோவிடம் யாரும் கேட்கவில்லை. தப்பியவர்களைத் தானே தேடிப்போய் விசாரித்து, தெப்பத்தின் மாதிரியையும் செய்ய வைத்து வரைந்தார். 1819 கண்காட்சியில் கப்பலின் பெயரைச் சொல்லாமல், வெறும் ‘கப்பல் விபத்துக் காட்சி’ என்றே பட்டியலிட்டார்கள். பார்த்தவர்களுக்குப் புரியாமலா போகும்? உச்சியில் துணியை வீசி நிற்பவர் ஒரு கறுப்பர். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை இருந்த காலம் அது, 1848-இல்தான் ஒழிந்தது. ஓவியர் இறந்த 1824-இல்தான் லூவர் இதை வாங்கியது.

கடைசியாக டெலக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் விடுதலை’. மூவண்ணக் கொடியோடு பெண் தடுப்பரணைத் தாண்டி வரும் இந்தப் படத்தை 1789 புரட்சிக் காட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். இது 1830 ஜூலையில் பத்தாம் சார்லஸை வீழ்த்திய மூன்று நாட்களின் படம். அந்தக் கிளர்ச்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப்பின் அரசு 1831-இல் இதை வாங்கியது. ஆனால் மக்களை மீண்டும் கிளப்பிவிடுமோ என்று பயந்து, சீக்கிரமே பொதுப் பார்வையிலிருந்து அகற்றியது. லூவருக்கு இது வந்து சேர்ந்தது 1874-இல். அப்போது பிரான்சில் மன்னரும் இல்லை, டெலக்ருவாவும் இல்லை.