லோட்டே லென்யாவின் குரல் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

போன வாரம் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ மறுபடி பார்த்தேன். ஷூ முனையில் விஷக்கத்தியோடு ஜேம்ஸ் பாண்டை உதைக்க வரும் அந்த அம்மாள் யாரென்று தேடினால், லோட்டே லென்யா, பெரிய பாடகி என்று வருகிறது. நீங்களும் ஒருமுறை அவரைப் பற்றிச் சொன்ன நினைவு. 1955இல் அவர் பாடிய பெர்லின் நாடகப் பாடல்களின் இசைத்தட்டைக் கேட்டேன். மன்னிக்கவும், எனக்குப் பிடிக்கவில்லை. குரல் கரகரவென்று இருக்கிறது, மேலே போகவே இல்லை, பாதி இடத்தில் பேசிவிட்டுப் போகிறார். கணவர் பெரிய இசையமைப்பாளர் என்பதால் கிடைத்த பெயர்தானா இது?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குரல் கரகரக்கிறது என்பது உண்மை, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கணவரால் கிடைத்த பெயர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அவர் 1898இல் வியன்னாவில் பிறந்தார், இயற்பெயர் கரோலினே ப்ளமாவர். அப்பா குதிரைவண்டி ஓட்டியவர், அம்மா ஊர்த்துணி வெளுத்துக் குடும்பம் நடத்தியவர். இவருக்கு முன்னால் இதே பெயரில் ஒரு பெண் பிறந்து சின்ன வயதிலேயே இறந்துபோயிருந்தாள், அவள் நன்றாகப் பாடுவாளாம். அப்பா குடித்துவிட்டு வந்து, தூங்குகிற இந்தப் பிள்ளையை எழுப்பிப் பாடச் சொல்வார், செத்துப்போனவளைப் போல இல்லை என்று அடிப்பார். பாட்டு அந்தக் குழந்தைக்கு அப்படித்தான் அறிமுகமானது. இதைப் படித்த பிறகு அவர் பாடும் எதையும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததில்லை.

பதின்வயதில் ஜூரிக் போய் பாலே கற்றுக்கொண்டு, அங்கே மேடைக்காக லென்யா என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1921இல் பெர்லின் வந்தார். 1924இல் நாடகாசிரியர் கேயோர்க் கைஸரின் ஏரிக்கரை வீட்டில் தங்கியிருந்தபோது, ரயிலில் வரும் ஓர் இளம் இசையமைப்பாளரை அழைத்து வரச் சொன்னார்கள், இவர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு ஏரியைக் கடந்து போய் அழைத்து வந்தார். வந்தவர் குர்ட் வைல். 1926இல் கல்யாணம் நடந்தது. லென்யாவுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. வைலே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அவள் பாடினால் ஜனங்கள் இத்தாலியின் பெரிய ஆப்பரா பாடகர் கரூஸோவைக் கேட்பது போலக் கேட்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

1928 ஆகஸ்ட் 31, பெர்லினில் ஷிஃப்பாவர்டாம் தியேட்டர். நாடகாசிரியர் ப்ரெக்ட் எழுதி வைல் இசையமைத்த ‘மூன்று காசு ஆப்பரா’வின் முதல் நாள். லென்யாவுக்கு விலைமாது ஜென்னி வேடம். அச்சடித்து வந்த நிகழ்ச்சித்தாளில் எல்லோர் பெயரும் இருக்கிறது, இவர் பெயர் மட்டும் இல்லை. அவளை மேடையேற விடமாட்டேன் என்று வைல் குதித்தார். லென்யாதான் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மேடைக்குப் போனார். இசையமைப்பாளரின் மனைவிக்குக் கிடைத்த சலுகை எப்படி இருந்தது, பாருங்கள்.

அப்புறம் 1933. வைல் யூதர், நாஜிகள் வந்ததும் பாரிஸுக்குத் தப்பினார். அதற்குள் லென்யாவுக்கு வேறொருவரோடு உறவாகி விவாகரத்து வரைக்கும் போய்விட்டது. ஆனாலும் பெர்லினை அடுத்திருந்த வைலின் வீட்டை விற்பதற்கு அவர்தான் அலைந்தார். 1935இல் இருவரும் ஒரே கப்பலில் நியூயார்க் போனார்கள், 1937இல் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் வைல் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் ஜெயித்தார். லென்யாவை அங்கே யாருக்கும் தெரியாது. 1945இல் வைலே தன்னுடைய ஒரு நாடகத்தில் அவருக்கு வேடம் வாங்கிக் கொடுத்தார், அது 43 காட்சிகளோடு நின்றது, விமர்சகர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அதோடு மேடையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கணவரால் பெயர் வருவதாக இருந்தால் அப்போதல்லவா வந்திருக்க வேண்டும்?

1950 ஏப்ரலில் வைல் மாரடைப்பில் இறந்தார், வயது 50தான். அவருடைய பெர்லின் இசையை நாஜிகள் தடை செய்திருந்தார்கள், அமெரிக்காவில் அதைக் கேட்டவர்களே கொஞ்சம் பேர். அது மறுபடி உலகத்தின் காதில் விழுந்ததற்குப் பெரிய காரணம் லென்யா. வெளியே வரவே பயந்தவரை, பின்னால் அவர் மணந்துகொண்ட ஜார்ஜ் டேவிஸ் என்ற பத்திரிகையாசிரியர் வற்புறுத்தி மேடைக்குத் தள்ளினார். 1954இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சின்ன தியேட்டரில் ‘மூன்று காசு ஆப்பரா’ ஆங்கிலத்தில் வந்தபோது, 55 வயதில் அதே ஜென்னியாக நடித்தார். இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கிய அந்த நாடகம் 1961 வரை ஓடி 2,600 காட்சிகளைத் தாண்டியது. லென்யாவுக்கு அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தது. அதிலிருந்த ‘மேக் த நைஃப்’ பாட்டை 1955இல் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்தபோது லென்யா ஸ்டுடியோவில் இருந்தார். பாட்டில் பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ஆம்ஸ்ட்ராங் ‘லோட்டே லென்யா’ என்று அவர் பெயரையும் சேர்த்துப் பாடிவிட்டார். பின்னால் அமெரிக்கப் பாடகர் பாபி டேரினும் அப்படியே பாடினார். 1928இல் நிகழ்ச்சித்தாளில் விட்டுப்போன பெயர் பாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இனி குரலுக்கு வருகிறேன். 1930 வாக்கில் பதிவான அவர் பாடல்களைக் கேட்டால் வேறு யாரோ என்று நினைப்பீர்கள், அவ்வளவு மெல்லிய, உச்சத்தில் நிற்கிற, சின்னப் பெண் குரல். 1955இல் அந்த உச்சம் போய்விட்டது. அவர் அதை மறைக்கவில்லை, சுருதியை நன்றாக இறக்கிக்கொண்டு, சொல்லை முன்னால் வைத்துப் பாடினார். ‘கடற்கொள்ளைக்காரி ஜென்னி’ என்ற ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மட்டமான விடுதியில் டம்ளர் கழுவி, படுக்கை விரிக்கிற வேலைக்காரி, ஒருநாள் எட்டுப் பாய்களும் ஐம்பது பீரங்கிகளும் உள்ள கப்பல் தனக்காக வரும் என்று கனவு காண்கிறாள். கப்பலில் வந்தவர்கள் ஊராரைச் சங்கிலியில் கட்டி இழுத்து வந்து, யாரைக் கொல்ல என்று அவளைக் கேட்கிறார்கள். எல்லோரையும் என்கிறாள். ‘மூன்று காசு ஆப்பரா’வை வைத்து 1931இல் எடுத்த படத்தில் லென்யா ஏறக்குறைய அசையாமல் நின்று இதைப் பாடுகிறார், அந்தச் சொல் ஒரு சின்னப் பெண்ணின் கோபமாகக் கேட்கிறது. 1955க்குள் நாடு போய், கணவர் போய், பெர்லினே இடிந்து கிடக்கிறது. அதே சொல் அந்தக் கரகரப்பில் எந்த அழுத்தமும் இல்லாமல் மெதுவாக விழுகிறது. நல்ல குரல் இருந்திருந்தால் அங்கே பாட்டு அழகாகியிருக்கும், அதைத் தாண்டி ஒன்றும் நடந்திருக்காது.

பாண்ட் படம் வந்தது 1963இல், அப்போது அவருக்கு 64 வயது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் முதலில் தன் ஷூவைத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்வாராம். 1966இல் ‘காபரே’ நாடகத்தில் வாடகைக்கு அறை விடும் பெர்லின்காரியாக நடித்ததும் அவர்தான். 1981இல் நியூயார்க்கில் இறந்தார், வைலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நீங்கள் முதலில் 1931 படத்தில் உள்ள அந்தப் பாட்டைப் பாருங்கள், அப்புறம் உங்களிடம் இருக்கும் 1955 தட்டில் அதே பாட்டைப் போடுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘அல்லெ’ என்று ஒரு சொல் வரும், எல்லோரும் என்று அர்த்தம். அந்த இடத்தில் மட்டும் காதைக் கொடுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.