30 வயதைத் தாண்டிய கால்பந்து வீரர்களுக்கும் கிளப்புகளுக்கும் ஒப்பந்த நீட்டிப்பில் ஏன் இவ்வளவு இழுபறி?

வெளியே சம்பளத் தகராறு மாதிரித் தெரியும். உள்ளே பெரும்பாலும் எத்தனை வருடம் என்பதில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

வாரம் 3 லட்சம் யூரோ வாங்கும் 32 வயது வீரர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கூட்டிக் கொடுத்தால் கிளப்புக்கு 1.56 கோடி யூரோ செலவு. அந்த வருடம் தசை கிழிந்து பாதி சீசன் வெளியே உட்கார்ந்தாலும் சம்பளம் நிற்காது. விற்கப் போனால் ஒன்றும் தேறாது. வீரருக்கோ அதுதான் கடைசிப் பெரிய கையெழுத்து. கிளப் 1 என்கும், வீரர் 2 என்பார், ஏஜென்ட் 3 என்று ஆரம்பிப்பார்.

ரியல் மாட்ரிட் 30 தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு வருடம் மட்டும் நீட்டிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. லூகா மோட்ரிச் அதற்குச் சம்மதித்து ஒவ்வொரு வருடமாகக் கையெழுத்துப் போட்டே 2025 வரை ஓட்டினார். செர்ஹியோ ராமோஸ் 2 வருடம் கேட்டார். கிளப் 10% சம்பளக் குறைப்போடு 1 வருடம் என்றது. கடைசியில் அவர் இறங்கிவந்து சரி என்றபோது, அந்த ஆஃபர் காலாவதியாகிவிட்டது என்று பதில் வந்தது. கெடு இருந்ததே தனக்குத் தெரியாது என்று 2021 ஜூன் 17 அன்று விடைபெறும்போது சொன்னார். அடுத்த மாதம் பிரான்சின் பிஎஸ்ஜி கிளப் அவருக்கு 2 வருடம் கொடுத்தது. காயத்தால் முதல் ஆட்டத்துக்கே நவம்பர் 28 வரை காத்திருந்தது என்பது வேறு விஷயம். மாட்ரிட் பயந்தது சும்மா இல்லை. ஆனாலும் ஆஃபர் எத்தனாம் தேதி வரை செல்லும் என்பதை எழுத்தில் வாங்காதது ராமோஸ் தரப்பின் தவறுதான்.

அடுத்தது காலண்டர். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய 6 மாதமே இருந்தால் வேறு கிளப்போடு முன்ஒப்பந்தம் போடலாம், அதாவது இது முடிந்ததும் அங்கே சேர இப்போதே கையெழுத்துப் போடலாம். ஜூன் 30 இல் முடியும் ஒப்பந்தத்துக்கு அது ஜனவரி 1. இங்கிலாந்தில் ஆடுபவர் ஜனவரியில் வெளிநாட்டு கிளப்போடு மட்டுமே கையெழுத்துப் போட முடியும். லிவர்பூலில் ஆடிய முகமது சலா 2024 நவம்பரில், இன்னும் ஆஃபர் வரவில்லை, உள்ளே இருப்பதைவிட வெளியே போவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நிருபர்களிடம் போட்டு உடைத்தது ஜனவரிக்குச் சற்று முன்னால்தான். தற்செயல் என்று நான் நம்பவில்லை. லீக்கில் மட்டும் 29 கோல் அடித்த சீசன் அது. 2025 ஏப்ரல் 11 அன்று லிவர்பூல் 2 வருடம் கொடுத்தது.

ஒரு வருடம் மிச்சமிருக்கும்போது வருவது வேறு மாதிரிச் சிக்கல். இப்போது விற்றால் பணம், அடுத்த வருடம் சும்மா போய்விடுவார். போலந்து வீரர் லெவண்டோவ்ஸ்கிக்கு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பில் 2023 வரை ஒப்பந்தம் இருந்தது. 2022 மே மாதம் நீட்டிக்க மறுத்து, வெளியே விடச் சொன்னார். முடியாது என்று பிடிவாதமாகப் பேசிய கிளப், ஜூலையில் 4.5 கோடி யூரோவுக்கு பார்சிலோனாவிடம் விட்டுக்கொடுத்தது. ஆகஸ்டில் 34 ஆகப்போகிறவருக்கு அது நல்ல விலை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஆயுதம் ஃபிஃபா விதி 17. 28 வயதுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் 2 வருடம் கடந்துவிட்டால், சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஆடத் தடை வராது, நஷ்டஈடு மட்டும்தான். 2006 இல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பை விட்டு இங்கிலாந்தின் விகனுக்குப் போன ஆண்டி வெப்ஸ்டருக்கு, 2008 இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 1.5 லட்சம் பவுண்டு மட்டுமே போட்டது. அதை நம்பி எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்ற பேச்சு 2009 இல் அடங்கியது: இதே மாதிரி வெளியேறிய பிரேசில் வீரர் மட்டுசலெம் வழக்கில் அதே நீதிமன்றம் 1.18 கோடி யூரோவுக்கு மேல் போட்டது. அதனால் இன்று இதை மிரட்டலுக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

இடைவழியாகப் பலர் ஒத்துக்கொள்வது 1 + 1. இத்தனை ஆட்டம் ஆடினால் இரண்டாவது வருடம் தானாகச் சேரும். கோளாறு எங்கே வரும் என்றால், எண்ணிக்கை நெருங்கும்போது பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். தொடக்க வரிசையில் இறங்கினால்தான் கணக்கா, மாற்று ஆட்டக்காரராக 10 நிமிடம் ஆடினாலும் கணக்கா, காயத்தில் போன ஆட்டங்கள் எண்ணிக்கையைக் குறைக்குமா, இந்த மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் வீரர் தரப்பு தோற்கும். நீட்டிப்பு உரிமை கிளப்புக்கு மட்டுமா, இருவருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கிளப்புக்கு மட்டும் என்றால் அது வீரருக்கு 1 வருட ஒப்பந்தம்தான்.

தேதிக்கு ஒரு உதாரணம் மெஸ்ஸி. சீசன் முடிவில் இலவசமாக வெளியேறும் உரிமை இருந்தது, ஆனால் 2020 ஜூன் 10 க்குள் சொல்லியாக வேண்டும். கொரோனாவால் சீசன் ஆகஸ்ட் வரை நீண்டது. ஆகஸ்ட் 25 அன்று பியூரோஃபேக்ஸ் (ஸ்பெயினில் சட்டச் சான்றாக நிற்கும் பதிவுக் கடிதம்) அனுப்பினார். கெடு முடிந்தது, போக வேண்டுமென்றால் 70 கோடி யூரோ என்றது பார்சிலோனா. லா லிகாவும் அதன் பக்கமே நின்றது. வழக்குக்குப் போகாமல் இன்னொரு வருடம் ஆடினார். விதி 17 மாதிரியே ‘கடைசி ஆட்டம் முடிந்து இத்தனை நாளுக்குள்’ என்று எழுதியிருந்தால் அந்தத் தகராறுக்கே இடம் இருந்திருக்காது.