நரம்புப் பரிசோதனை நார்மல். பிறகு ஏன் பாதம் எரிகிறது?

கேள்வி: எனக்கு 52 வயது. எட்டு மாதமாக இரண்டு பாதங்களும் எரிகின்றன. விரல் நுனியில் தொடங்கி இப்போது உள்ளங்கால் முழுக்க. இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. இடுப்பு வலி இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். நான் சைவம். நெஞ்செரிச்சலுக்கு நான்கு வருடமாக ஒமிப்ரசோல் சாப்பிடுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய நரம்பு வைட்டமின் மாத்திரையும் நான்கு மாதமாகப் போடுகிறேன். வீட்டில் உடம்புச் சூடு என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?

பதில்: அம்மா, ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்கள் எரிச்சல் பொய்யாகிவிடாது. அந்தப் பரிசோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சல், சூடு, குளிர்ச்சி இவற்றை மூளைக்குக் கொண்டுபோவது மெல்லிய இழைகள். அவை பழுதானாலும் அந்தத் தாளில் ஒன்றும் தெரியாது. கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மி.மீ. அளவுக்குத் தோலை எடுத்து, அதிலுள்ள நரம்பு நுனிகளை எண்ணிப் பார்க்கும் பயாப்சி உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் அது கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. காரணத்தைத் தேடுவதுதான் முதல் வேலை.

எரியும் இடமே பாதி பதிலைச் சொல்லும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் கால்விரல் வரை போகின்றன. ரத்தத்தில் ஏதோ ஒரு குறையோ நஞ்சோ இருந்தால் முதலில் வாடுவது அவற்றின் நுனி. அதனால்தான் இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரலிலிருந்து மேல்நோக்கி எரிகிறது. ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால் முதுகெலும்பைச் சந்தேகிப்பேன். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே மட்டும் எரிந்தால் அங்கேயே ஒரு நரம்பு நசுங்குகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது நரம்பே அல்ல, பாதத்தின் அடியிலுள்ள தசைநார். உங்களுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. ஆகவே எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு வலியே இல்லாவிட்டாலும் டிஸ்க் பிதுங்கல் தெரிவது சகஜம். அதைக் கண்டு பயந்து, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்க நேரும்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதலாவது சர்க்கரை. 104 சர்க்கரை நோய் இல்லைதான். ஆனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்குப்படி 100 முதல் 125 வரை முன்நிலை. இந்த நிலையிலேயே சிலருக்கு மெல்லிய நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். 140-க்கு மேல் போனால் சர்க்கரை முன்நிலை, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியையும் (எச்பிஏ1சி) பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் அது பொய்யாகக் கூடிக் காட்டக்கூடும், அதனால் ஹீமோகுளோபினும் கூடவே பார்க்க வேண்டும்.

இரண்டாவது பி12. இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். காய்கறியில் பி12 கிடையாது. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அந்த உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. (சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும்.) சிக்கல் என்னவென்றால், நான்கு மாதமாக மாத்திரை போட்டிருக்கிறீர்கள். இப்போது அளந்தால் அளவு நன்றாகவே வரலாம். முன்பு குறைவாக இருந்ததா என்பது அதில் தெரியாது. மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டு, உடம்புக்குள் பி12 உண்மையில் போதுமா என்று காட்டும் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

அப்புறம், அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பைரிடாக்சின், அதாவது பி6, எத்தனை மில்லிகிராம்? நரம்புக்கு நல்லது என்று கொடுக்கும் பி6 அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும், அதே எரிச்சலைத் தரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான உச்சவரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று குறைத்தது. 100 மி.கி. உள்ள மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடுவது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம்.

இவற்றோடு தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ரத்தப் புரதப் பகுப்பாய்வு ஆகியவற்றையும் செய்யச் சொல்வேன். கண்ணும் வாயும் அடிக்கடி உலர்கின்றனவா? அப்படியானால் ஷோக்ரன் நோய்க்கும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது) பார்க்க வேண்டும். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்ததுண்டா, புற்றுநோய் மருந்து ஏறியதா என்பதையும் சொல்லுங்கள். தோலில் நிறம் மங்கி உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயை மறக்கக் கூடாது. நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை.

உடம்புச் சூடு பற்றி: எரியும் நேரத்தில் பாதத்தைப் பிறர் தொட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், ஏனென்றால் சூடு தோலில் இல்லை, நரம்பு அனுப்பும் செய்தியில் இருக்கிறது. உண்மையிலேயே சிவந்து கொதித்தால் அது வேறு நோய், அதைச் சொல்லியாக வேண்டும். ஐஸ் தண்ணீரில் மட்டும் காலை வைத்துக்கொண்டிருக்காதீர்கள், தோல் புண்ணாகும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் சுட்டதே தெரியாமல் கொப்பளித்துவிடும்.

தூக்கம் கெடுகிறதே என்றால், டுலாக்ஸெடின், பிரீகாபலின் போன்றவற்றை மருத்துவர் தரலாம். அவை எரிச்சலைக் குறைக்கும், காரணத்தைத் தொடாது, தேடலை நிறுத்திவிடாதீர்கள். சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேலே ஏறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.