வொலார் தரகர் அல்ல

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் செசான் பற்றிய கட்டுரையில், அவர் படங்களை விற்ற அம்ப்ருவாஸ் வொலாரையும் பாராட்டியிருந்தீர்கள். 1906இல் பிக்காசோவிடம் 20 படங்களை வெறும் 2,000 பிராங்குக்கு அள்ளிக்கொண்டு போனவர்தானே அவர்? வரைந்தவர் வறுமையில் கிடக்க, இடைத்தரகர் சம்பாதித்தார். ஓவியம் படிக்கிற எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள தங்கைக்கு,

வொலார் அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்தான். தாஹிதித் தீவில் நோயோடு கிடந்த ஓவியர் கோகனுக்கு 1900 முதல் மாதம் 300 பிராங்க் என்று பேசி, அதற்கு ஈடாகப் படங்களை எடுத்துக்கொண்டார். கோகன் கடிதங்களில் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவரைத் தரகர் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தரகர் தன் காசைப் போடுவதில்லை.

இங்கே புதுச்சேரியில் என் நண்பர் ஒருவர், கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் 11 படங்களைக் கொடுத்துவைத்தார். "வித்தா பாதிக்குப் பாதி" என்று பேச்சு. இரண்டு மழைக்காலம் போயிற்று, ஒன்றும் விற்கவில்லை. திரும்ப எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்திருந்தார்கள். உப்புக்காற்றில் ஆணியெல்லாம் துரு. கான்வாஸின் முதுகில் சாம்பல் தூவியதுபோலப் பூஞ்சணம். ஒரு படத்தை விரலால் தொட்டேன், நீலம் செதிலாகப் பெயர்ந்து வந்தது. கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் காசு எதுவும் அதில் இல்லையே!

வொலார் 1895இல் செசானின் முதல் தனிக் கண்காட்சியை பாரிஸின் லஃபித் தெருவில் வைத்தபோது, அவர் கடை திறந்து இரண்டு வருடம்தான். செசானுக்கு 56 வயது. சுமார் 150 படங்கள் சுருட்டி வந்து இறங்கின. சின்னக் கடை, மாற்றி மாற்றித்தான் மாட்ட முடிந்தது. 1901இல் பிக்காசோவுக்கு, 1904இல் மத்தீஸுக்கு அதே தெருவில்தான் கண்காட்சி. விற்காததைத் திருப்பி அனுப்பாமல், வாங்கி வருடக்கணக்காக அடுக்கிவைத்தார்.

1899இல் செசான் அவரை வரைந்தார். பெட்டியின் மேல் நாற்காலி போட்டு உட்காரவைத்ததில் வொலார் தூங்கிக் கீழே விழ, "ஆப்பிள் அசையுமா?" என்று செசான் கத்தினாராம். இதை வொலாரே எழுதியிருக்கிறார். 115 முறை உட்கார்ந்த பிறகும் கையில் இரண்டு இடத்தில் வர்ணம் படவில்லை. சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்று செசான் நிறுத்திவிட்டார். அத்தனை நாள் உட்கார எந்தத் தரகருக்குப் பொறுமை உண்டு?

இன்னொன்று. வொலார் பிறந்தது ரீயூனியன் தீவில், 1866இல். நம் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகள் கப்பலேறிய அதே தீவு. லஃபித் தெருக் கடையின் நிலவறையில் அவர் ஓவியர்களுக்குப் போட்ட விருந்தில் கோழிக்கறிதான் பிரசித்தம். அந்தத் தீவில் அதை 'காரி' என்பார்கள். நம் கறிதான் அது.

அந்த 2,000 பிராங்கை வைத்துத்தான் பிக்காசோ அந்தக் கோடையில் ஸ்பெயினுக்குப் போய், கோசோல் என்ற மலைக்கிராமத்தில் தங்கி வரைந்தார். திரும்பி வந்தவரின் கையே மாறியிருந்தது.

நண்பரின் படங்களில் நாலு தேறின. இரண்டை அவர் சொன்ன விலைக்கே நான் வாங்கிக்கொண்டேன். லாஸ்பேட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.